கம்பெனி மலை, சாமி மலை

கோலார் தங்கவயல்காரர்களிடம் மலை ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டால், எந்த மலை என்று திருப்பிக் கேட்பார்கள். எங்களுக்கு மலை இரண்டு வகை. ஒன்று சாமி வைத்தது, இன்னொன்று தங்கச் சுரங்கக் கம்பெனி கொட்டியது.

கம்பெனி கொட்டியதுதான் முதலில் காலுக்குப் பழகியது. பூமிக்கடியிலிருந்து தூக்கி வந்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய மண். நூறு வருஷத்துக்கு மேல் கொட்டிக் கொட்டி 13 மேடுகள். மொத்தம் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் என்கிறது அரசுக் கணக்கு. மழை அறுத்த வாய்க்கால்களைப் பிடித்து உச்சிக்கு ஏறி, அட்டைப்பெட்டியைப் பிரித்து உட்கார்ந்து சறுக்குவோம். வீட்டில் தெரிந்தால் அடி விழும். ஆடிக் காற்றில் அந்த மாவு ஜன்னல் சாத்திய வீட்டுக்குள்ளும் வந்து சோற்றில் நறநறக்கும். இப்போது வெளியூர்க்காரர்கள் காரில் வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 2018-ல் எங்கள் ஊர்ப் பெயரில் 'கேஜிஎஃப்' சினிமா வந்தபின் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. அந்த மண்ணைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன அழகு என்று இன்றுவரை புரியவில்லை.

சாமி வைத்த மலைக்கு மாமாதான் கூட்டிப்போவார். மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் பங்காரப்பேட்டை, அங்கிருந்து பஸ்ஸில் கோலார், ஊரைத் தாண்டியதும் சதசிருங்க மலை. அடிவாரப் படிகளில் குரங்குகள் சோதனைச்சாவடி போட்டிருக்கும். புளிசாதப் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஏறினால் காசி விஸ்வேஸ்வரர் கோயில், கல் நந்தியின் வாயிலிருந்து விழும் தண்ணீர். அதுதான் அந்தரகங்கை. பெரும்பாலானவர்கள் அதைக் குடித்து, சாமி கும்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். மாமாவுக்கு நடை அங்கேதான் ஆரம்பம். உண்ணிச்செடிப் புதரை விலக்கிக்கொண்டு பாறை மேல் பாறையாக ஏறுவோம். சீத்தாப்பழக் காலமென்றால் பாதி நேரம் மரத்தடியிலேயே போய்விடும். ஜமதக்னி முனிவரும் ரேணுகாவும் இருந்த மலை இது, பரசுராமர் கோபம் கொண்டது இங்கேதான் என்று கதை சொல்லிக்கொண்டே வருவார். எந்தக் கதையிலும் கோபக்காரர்தான் அவருக்குப் பிடித்தவர்.

மேலே பெரும் கருங்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து உண்டான குகைகள் இருக்கின்றன. உடம்பை ஒருக்களித்து, வயிற்றை எக்கி நுழைய வேண்டும். எங்களுக்கு அதுதான் பெரிய சாகசம். மாமா மட்டும் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "வா மாமா" என்று ஒருமுறை கையைப் பிடித்து இழுத்ததற்கு, "வாரத்துல ஆறு நாளு பூந்து பூந்து வரேன், ஞாயித்துக்கெழமையுமாடா?" என்றார்.

அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலையில் இருந்தார். அந்தச் சுரங்கம் 3,200 மீட்டருக்கும் கீழே போனது. நீலகிரியின் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அடி தட்டாது. அந்த ஆழத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிரூட்டிய காற்றைக் குழாயில் இறக்கித்தான் ஆட்களை நிறுத்த முடிந்தது. சில ராத்திரிகளில் கீழே பாறை வெடிக்கும். தொழிலாளர் லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும். அத்தை எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு, விடிகிறவரை யாரோடும் பேசமாட்டாள். ராக் பர்ஸ்ட் என்கிற அந்த இங்கிலீஷ் வார்த்தையைப் பள்ளிக்கூடம் போகாத கிழவிகளும் சுத்தமாக உச்சரித்தார்கள். அண்டக்கதிர்களின் தொல்லையில்லாத அதே ஆழத்தைத் தேடி விஞ்ஞானிகளும் வந்தார்கள். வளிமண்டல நியூட்ரினோ என்கிற நுண்துகளை 1965-ல் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கம். மாமாவிடம் சொன்னபோது, "அது வெயிட் எவ்ளோ?" என்று கேட்டார். தங்கத்தை எடைபோட்டவர்களின் ஊர், வேறு எப்படிக் கேட்பார்.

மலைக்குப் போனால் மான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தீராத ஆசை. அந்தரகங்கையில் எத்தனை முறை ஏறியும் குரங்கும் மயிலும்தான். வெளிமான் பாறை மலைக்கு வராது, அதற்குப் புல்வெளி வேண்டும், எட்டுத்திக்கும் பார்வை போக வேண்டும், ஓட இடம் வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கடைசியில் பார்த்தது வீட்டுப் பக்கத்தில். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின் ஊருக்குப் போயிருந்தபோது, கம்பெனியின் பொட்டல் நிலத்தில் மந்தையாக நின்றன. முறுக்குக் கொம்போடு கறுத்த கிடா ஒன்று, வெளிர்பழுப்பில் பெட்டைகள். நாய் குரைத்ததும் ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்குத் துள்ளித் துள்ளிப் பாய்ந்தன.

சுரங்கம் செத்ததும் இயற்கை திரும்பி வந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. சுற்றிலும் மேய்ச்சல் காடெல்லாம் ராகியாகவும் தக்காளியாகவும் மனையாகவும் மாறியபோது, தன் வசமிருந்த ஏறக்குறைய 12,000 ஏக்கரில் ஒரு பகுதியை ஏர் படாமல், வீடு எழும்பாமல் பிடித்து வைத்திருந்தது கம்பெனி. மான் மேல் பரிவு கொண்டு அல்ல. கீழே தங்கம் இருந்ததால். காரணம் எதுவானாலும் புல் மிஞ்சியது, புல்லோடு மானும் மிஞ்சியது. யானைக்கு அந்த யோகம் இல்லை. காமசமுத்திரம் பக்கம் மூன்று மாநில எல்லையில் திரியும் யானைகள் இறங்கினால் விவசாயியின் வயலில்தான் இறங்கியாக வேண்டும். ஆட்களும் சாகிறார்கள், யானையும் சாகிறது.

இப்போது கம்பெனி நிலத்தில் தொழிற்பேட்டை போட வேண்டும் என்கிறது கர்நாடக அரசு. சயனைடு மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்க 2024-ல் அமைச்சரவை சம்மதமும் கொடுத்துவிட்டது. மாமாவின் பேரன் விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய், ராத்திரி தூங்கி வழிந்துகொண்டு திரும்புகிறவன். அவனிடம் மான் பேச்சை எடுத்தால், "மானுக்கு எடம் கேக்கறீங்க சித்தப்பா, எங்களுக்கு?" என்கிறான். அவன் கேட்பது நியாயம். மேட்டைக் கரைக்கட்டும், தூசியாவது குறையும். தொழிற்சாலையும் வரட்டும். ஆனால் ஃபேக்டரி வரைபடத்தில் முதல் கோடு இழுப்பதற்கு முன் மான் மேய்கிற புல்வெளியை வனத்துறை அளந்து ஒதுக்கட்டும் என்கிறேன். வெளிமான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. யாரும் புதிதாகச் சலுகை காட்ட வேண்டியதில்லை. "எவ்ளோ ஏக்கரு கேப்பீங்க?" என்றான். பேரம் பேச ஆரம்பித்துவிட்டான், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.