மாறிலிக்குள் இருப்பவர் யார்?

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்தின் விதியைத் தீர்மானிப்பது ஒரு தேதி: 1.1.2000. அதற்கு முன்பிருந்தே தரைத்தள வீட்டில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன் பின், 1.1.2011 வரை வந்தவருக்கு 300 சதுர அடி. தாராவிக்கு வெளியே, 2.5 லட்சம் ரூபாய் விலையில். மேல்தளத்தில் இருப்பவர் மூன்றாம் பிரிவு. அவருக்கும் இடம் வெளியேதான்.

இம்மூன்று பிரிவினரின் மாத வருமானத்தைத் தொடர்புப்போக்குச் சமன்பாட்டில் ஒப்பிடும் ஆய்வாளர் இரண்டு போலி மாறிகளையே இடுகிறார். மூன்றையும் இட்டால் அவற்றின் கூடுதல் எப்போதும் 1 ஆகிவிடும். மாறிலிக்குரிய நிரலும் அதுவே. கெழுக்களைத் தனித்தனியே கணிக்க இயலாது. ஆகவே ஒரு பிரிவு விடப்படுகிறது. எதை விடுவது என்பதைப் பெரும்பாலும் மென்பொருளே முடிவு செய்கிறது. அதற்குத் தாராவி தெரியாது. குறியீட்டெண்களின் வரிசைதான் தெரியும்.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்கள்: மாறிலி 20,000, இரண்டாம் பிரிவின் கெழு −4,000, மேல்தளத்தாரின் கெழு −6,000. இங்கே 20,000 என்பது தாராவியின் சராசரி வருமானம் அன்று. 2000க்கு முந்தைய தரைத்தளத்தாரின் சராசரி மட்டுமே. "பிற காரணிகள் ஏதுமில்லாத நிலையில் தாராவிக் குடும்பத்தின் வருமானம்" என்று ஆய்வேடுகள் எழுதும் வாக்கியம், இலவச வீட்டுக்கு உரிமை பெற்றவரையே தாராவி முழுவதுமாக ஆக்கிவிடுகிறது. மாறிலிக்கு அருகே மூன்று நட்சத்திரங்கள் இருப்பதும் பெருமைக்குரியதன்று. அப்பிரிவின் சராசரி வருமானம் சுழியன்று என்பதையே அவை சொல்கின்றன. அதை யார் மறுத்தார்?

மேல்தளத்தாரை அடிப்படையாக வைத்தால் மாறிலி 14,000 ஆகும். மற்ற இரு கெழுக்களும் +6,000, +2,000 என மாறும். மதிப்பீடுகள் மாறா; விளக்கத்திறனும் மாறாது. ஆனால் அட்டவணையில் எந்த ஒப்பீடு கண்ணில் படுகிறது என்பது மாறுகிறது. வெளியே அனுப்பப்படும் இரு பிரிவினருக்கும் இடையிலான 2,000 முதல் அட்டவணையில் மறைந்தே கிடந்தது. கெழுக்களைக் கழித்து அதைப் பெறலாம். அதன் திட்டப்பிழைக்கோ இரு கெழுக்களின் உடன்மாறுபாடும் வேண்டும்.

1, 0, −1 எனக் குறியிட்டால் சிக்கல் தீரும் என்பாரும் உளர். அப்போது மாறிலி மூன்று சராசரிகளின் சராசரியாகும். பிரிவுகளின் ஆள்தொகை சமமாக இல்லாதவரை பொதுவாக அதுவும் தாராவியின் சராசரி ஆகாது.

வயதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. மாறிலி அடிப்படைப் பிரிவில் வயது சுழியான ஒருவரின் வருமானமாகிவிடுகிறது, அதாவது கைக்குழந்தையின் சம்பளம். வயதிலிருந்து சராசரி வயதைக் கழித்து இட்டால் கெழுக்கள் அசையாமல் மாறிலி மட்டும் உயிருள்ள மனிதரிடம் திரும்புகிறது.

அட்டவணையின் அடியில் ஒரு வரிக்கு இடமிருக்கும்: "அடிப்படைப் பிரிவு: 1.1.2000க்கு முந்தைய தரைத்தளக் குடியிருப்பாளர்." பல ஆய்வேடுகளில் அவ்வரி இருப்பதில்லை.