வண்டிக்கும் ஓர் இடம்

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளன்று கார் நிறுத்த இடம் தேடியிருக்கிறீர்களா? தேவநாதப் பெருமாள் சந்நிதியில் அன்று எத்தனையோ கல்யாணம்! தாலி கட்டி முடிந்துவிடும். காருக்கு மட்டும் இடம் கிடைத்திராது. அது ஒரு நாள் அவஸ்தை. நகரத்தின் நடுவே ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கோ தினமும் முகூர்த்த நாள்தான்.

ஆகையால், சகோதரிகளே, சமையலறையை அளந்த கையோடு கீழே இறங்கி வண்டி நிற்கும் இடத்தையும் பாருங்கள். "இந்தக் கட்டம் உங்களுக்கு, அதற்குத் தனி விலை" என்பார் கட்டுகிறவர். கொஞ்சம் பொறுங்கள்! மும்பை வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் 2010-ல் சொன்னது என்ன? திறந்தவெளியையோ, தூண்களுக்கு நடுவிலுள்ள இடத்தையோ தனியாக விற்க அவருக்கு உரிமை இல்லை என்பதுதான். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்திலும் திறந்தவெளி நிறுத்துமிடம் எல்லோருக்கும் பொது. கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருந்தால்தான் 'கராஜ்'.

அதற்காக இடமே வேண்டாமென்று இருந்துவிடலாமா? ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மாமாவை எழுப்பி, "காரைக் கொஞ்சம் நகர்த்துங்களேன்" என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சங்கடம்! உங்களிடம் கார் இல்லாவிட்டாலும், நாளை அந்த வீட்டை வாங்க வருகிறவர் கேட்பாரே. எந்த இடம், எத்தனை அடி என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தூணை ஒட்டிய இடமானால் அளந்தும் பாருங்கள்: கார் உள்ளே போய்விடும், கதவுதான் திறக்காது!