கிடார் கம்பியைத் தளர்த்தி வைக்கணுமா, வேண்டாமா?

கிடார் வைத்திருக்கும் நாலு பேர் ஓர் அறையில் சேர்ந்தால் பாட்டு வருகிறதோ இல்லையோ, ஒரு சண்டை கட்டாயம் வரும். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் தளர்த்தி வைக்க வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா? தளர்த்தாவிட்டால் கழுத்து வளைந்துவிடும் என்பது ஒரு கட்சி. தளர்த்தினால்தான் கெட்டுப்போகும் என்பது எதிர்க்கட்சி. இரண்டுக்கும் தொண்டர்கள் ஏராளம். காரணம் கேட்டால் மட்டும், "எங்க மாஸ்டர் அப்படித்தான் சொன்னார்" என்று பதில் வரும்.

பயப்படுபவர்களைக் குறை சொல்ல முடியாது. அகூஸ்டிக் கிடாரில் சாதாரணமாகப் போடும் 12-ஆம் நம்பர் இரும்புக் கம்பி செட்டைச் சரியான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. ஒரு வளர்ந்த ஆள் ராத்திரி பகலாக அந்தக் கழுத்தைப் பிடித்துத் தொங்குவது மாதிரி! நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாரில் இது சுமார் 40 கிலோ. இதைக் கேட்டதும் யாருக்கும் கை தானாகத் திருகாணிக்குத்தான் போகும்.

ஆனால் கிடார் செய்தவருக்கும் இந்தக் கணக்கு தெரியும் அல்லவா? இரும்புக் கம்பி கிடார்களில் கழுத்து மரத்துக்குள்ளே ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். கம்பிகள் கழுத்தை முன்பக்கம் இழுக்கும், இந்தத் தண்டு பின்பக்கம் இழுக்கும். காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒன்று பற்று, இன்னொன்று வரவு. இரண்டும் டேலி ஆகும்போது கழுத்து ஏறக்குறைய நேராக, கால் மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் முன்பக்கம் குழிந்து நிற்கும். அந்தக் குழிவு வேண்டும் என்றேதான் வைக்கிறார்கள். கம்பி அதிர இடம் வேண்டுமே!

இப்போது கம்பிகளை முழுசாகத் தளர்த்தினால் என்ன ஆகும்? பற்றுப் பக்கத்தை அழித்துவிட்டு வரவை மட்டும் விட்ட கணக்கு மாதிரிதான். எதிர்க்க ஆள் இல்லாமல் தண்டு கழுத்தைப் பின்பக்கம் வளைக்கப் பார்க்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. கம்பி மாற்றும்போது ஆறையும் கழற்றி, பலகையைத் துடைத்து, புதுசு போடுவதில் தப்பே இல்லை. ஆனால் தினமும் ஏற்றி இறக்கினால் கழுத்தும் தினமும் கொஞ்சம் அசையும், அது நிலைக்கும்வரை சுருதியும் நிற்காது. போதாததற்குக் கம்பி ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, திருகாணிக்குப் பக்கத்தில் அறுந்துவிடும்.

அப்படியானால் பழைய ஆட்கள் சொன்னது பொய்யா? இல்லை. திருகி மாற்றக்கூடிய ட்ரஸ் ராடுக்குக் கிப்சன் நிறுவனம் காப்புரிமை பெற்றது 1923-ல். 1833-ல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம் அதைத் தன் கிடார்களில் வைக்க ஆரம்பித்தது 1985-ல்தான். அதுபோக, உள்ளே எந்தத் தண்டும் இல்லாமல் மலிவு மரத்தில் செய்த கிடார்களும் கடைகளில் நிறையவே விற்றன. அதில் இரும்புக் கம்பி போட்டவருக்கு, தளர்த்தி வை என்பது நல்ல யோசனைதான். கிடார் மாறியது, யோசனை மட்டும் மாறாமல் கைமாறி வந்துவிட்டது.

இதில் மரத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பையனிடம் ஒரு கிடார் இருந்தது. அவன் அக்கா தன் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது. கல்யாணமாகிப் போகும்போது, "பத்திரமா வெச்சுக்கோடா" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவனும் அக்கறையாகத் தினமும் ராத்திரி ஆறு கம்பியையும் தளர்த்துவான். மறுநாள் சாயங்காலம் ஏற்றிச் சுருதி சேர்க்கப் பத்து நிமிஷம். இரண்டு பாட்டு முடிவதற்குள் மறுபடியும் இறங்கிவிடும். இரண்டாம் மாதம் மெல்லிய கம்பி அறுந்தது. "செமஸ்டர் முடியட்டும், பார்த்துக்கலாம்" என்றான். கிடார் உறைக்குள் போய், அலமாரி மேல் ஏறியது.

பொங்கலுக்கு வந்த அக்கா ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னாள். "கம்பி லூஸா இருக்குக்கா. இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றான். அவள் உறையைத் திறந்து பார்த்தாள். கழுத்து நேராகத்தான் இருந்தது. "பத்திரமா வெச்சுக்கோன்னு சொன்னது என் தப்புடா. தினமும் வாசின்னு சொல்லியிருக்கணும்" என்றாள். அவனிடம் பதில் இல்லை.

கிடாருக்கு நிஜமான எதிரிகள் வேறு. ஒன்று, காற்றின் ஈரப்பதம். தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 45 முதல் 55 சதவீதம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம்ம ஊர் அதை எங்கேயோ தாண்டிவிடும். மரம் ஈரம் குடித்து, மேல்பலகை உப்பி, கம்பி உயரும். விரல் வலிக்கும். இரண்டு, சூடு. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ வைத்தால் பசை இளகி, பிரிட்ஜ் பெயர்ந்து வரலாம். உறையில் நாலு சிலிகா ஜெல் பொட்டலம், நிழலான உள்சுவர் ஓரம் ஓர் இடம். இந்த இரண்டும், தினமும் திருகாணி திருப்புவதைவிட அதிகம் உதவும்.

தளர்த்தவே கூடாதா என்றால், வேண்டிய நேரம் உண்டு. ரயிலிலோ விமானத்திலோ சாமானோடு சாமானாகப் போகும்போது இறக்கி வைப்பது நல்லது. இறுக்கமான கிடார் கீழே விழுந்தால் தலைப்பகுதி முறிய வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றாலும் இறக்கலாம். முழுசாக அல்ல, இரண்டு ஃப்ரெட் அளவு போதும். இழுவிசை சுருதியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இதிலேயே சுமார் 20 சதவீதம் குறைந்து 70 கிலோ 56 ஆகிவிடும். கணக்கும் டேலி ஆகும், கழுத்தும் பிழைக்கும். வயலின்காரர்கள் மட்டும் உஷார். நாலு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் பிரிட்ஜ் விழும், உள்ளே நிற்கும் குச்சியும் சாய்ந்துவிடலாம்.

இறுக்கமாகவே வைத்திருந்தால் ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல முடியாது. பல பத்தாண்டுகள் கழித்து, இரும்புக் கம்பி கிடாரின் கழுத்தைக் கழற்றிக் கோணம் சரிசெய்து மறுபடி பொருத்த வேண்டிவரலாம். அதற்குக் காமர்ஸில் தேய்மானம் என்று பெயர். உழைக்கிற எந்தச் சொத்துக்கும் அது உண்டு. உழைக்காத சொத்துக்கும் உண்டு என்பதுதான் வேடிக்கை. அலமாரி மேல் கிடப்பதும் பழசாகத்தான் போகும், நடுவில் ஒரு பாட்டுக்கூட வந்திருக்காது.

ஆகவே மக்களே, சுருதி சேர்த்தபடியே கை எட்டும் இடத்தில் வையுங்கள். போகிற போக்கில் எடுத்து ரெண்டு நிமிஷம் வாசிக்கத் தோன்றும். அதைவிடப் பெரிய பராமரிப்பு கிடாருக்குக் கிடையாது :-)