34-ம் 35-ம்

2024 கோடையில் பிரஸ்ஸல்ஸில் மகள் வீட்டில் இருந்தேன். எல்லோரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு எனக்குப் பொழுதுபோக்கு மெட்ரோ ரயில்தான். ஒருநாள் 'எடி மெர்க்ஸ்' என்ற ஸ்டேஷனில் இறங்கினால், அங்கே ஒரு சைக்கிளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்! 1972-ல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி மெர்க்ஸ் உலக சாதனை படைத்த சைக்கிள் அது.

அன்று மாலை மாப்பிள்ளையிடம் கேட்டேன். "இந்த ஊருக்கு அவர்தான் மாமா டெண்டுல்கர்" என்றார்.

டூர் டி பிரான்ஸ் மூன்று வாரப் பந்தயம். மொத்தம் 21 கட்டங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வெற்றியாளர். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவருக்குக் கடைசியில் மஞ்சள் ஜெர்சி. மெர்க்ஸ் அதை ஐந்து முறை வென்றவர். முதல்முறை கலந்துகொண்ட 1969-லேயே மஞ்சள் ஜெர்சி, புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சி, மலையேற்றப் பட்டம் மூன்றையும் அள்ளிவிட்டார். இரண்டாவதாக வந்தவர் கிட்டத்தட்ட 18 நிமிடம் பின்னால்! சமவெளி, மலை, தனியாக ஓட்டும் நேரப் பந்தயம் என்று எல்லாவற்றிலுமாக அவர் ஜெயித்த கட்டங்கள் 34.

ஜூலை 3 அன்று மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலம் டிவியைப் போட்டார். சென்-வுல்பா என்ற ஊரில் மார்க் கேவண்டிஷ் தன் 35-வது கட்டத்தை வென்றார். வயது 39. மெர்க்ஸின் சாதனை போயிற்று.

எனக்கு மனசு ஆறவில்லை. கேவண்டிஷ் ஸ்பிரிண்டர். சக வீரர்கள் முன்னால் போய்க் காற்றைத் தடுத்துக் கொடுக்க, அவர்கள் பின்னாலேயே ஒண்டி வந்து, கடைசி இருநூறு மீட்டரில் பாய்கிறவர். மஞ்சள் ஜெர்சியோடு பாரிஸில் முடித்ததே இல்லை. "இருநூறு மீட்டர் ஓட்டுகிறவரை மெர்க்ஸோடு சேர்த்துப் பேசலாமா?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "அந்த இருநூறு மீட்டருக்கு வந்து சேர, அவரும் அதே மலையைத்தானே மாமா தாண்டணும்?"

பிறகு விளக்கினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர வரம்பு உண்டு. அதற்குள் வராவிட்டால் மறுநாள் பந்தயம் இல்லை, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2018-ல் ஆல்ப்ஸ் மலையில் கேவண்டிஷ் அப்படித்தான் வெளியேறினார். அதன் பிறகு நோய், மன அழுத்தம். கதை முடிந்தது என்றார்கள். 2021-ல் இன்னொருவருக்குக் காயம் பட்டதால் கிடைத்த இடத்தில் வந்து, நான்கு கட்டங்கள் ஜெயித்து 34-ஐத் தொட்டார். அந்த வருடம் பாரிஸில் 35-வது கிடைக்காமல் தடுத்தவர் வவுட் வான் ஆர்ட். அதே டூரில் வான்டூ மலைக் கட்டத்தையும் நேரப் பந்தயத்தையும் ஜெயித்த ஆல்ரவுண்டர், அவரும் பெல்ஜியக்காரர்! 2023-ல் விழுந்து காரை எலும்பு முறிந்தது. 2024-ல் முதல் நாள் வெயிலிலேயே வாந்தி எடுத்தார், ஆனாலும் நேரத்துக்குள் வந்து சேர்ந்தார். ஐந்தாம் நாள் ஜெயித்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தவர் கேவண்டிஷ் அல்ல, எங்கள் வங்கிக் கிளையில் இருந்த கேஷியர்.

சம்பள நாளில் வாசல் வரை வரிசை நிற்கும். ஒரு மணியில் கரைத்துவிடுவார். கள்ள நோட்டு என்றால் கட்டை விரல் பட்டதுமே சொல்லிவிடுவார். ஆனால் கணக்குப் புத்தகம் அவருக்கு மலை. அரையாண்டுக் கணக்கு முடிப்பின்போது இரவு ஒன்பது வரை உட்கார்ந்து, கூட்டி, அடித்து, மறுபடி கூட்டி எப்படியோ முடித்துக் கொடுப்பார். ஒருமுறைகூட வேலையைப் பிறர் தலையில் கட்டியதில்லை.

மேலாளராக நான் எழுதிய ரகசிய அறிக்கையில், 'கவுண்டர் வேலை தவிர மற்றவற்றில் சுமார்' என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அந்த ஒன்பது மணியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர் கடைசி வரை அதே கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றார்.

ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தெரியும் சார்" என்றார். பிறகு உள்ளே பார்த்துக் காபிக்குக் குரல் கொடுத்தார்.

மெர்க்ஸ்தான் பெரியவர் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் 35 என்ற எண்ணைக் குறைத்துப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.