அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

கல்யாண வேலைகளைப் பங்கு போடும்போது டிஜே ஏற்பாட்டை வீட்டு இளைஞர்களிடம் விட்டுவிடுகிறோம். அவர்களும் இன்ஸ்டாகிராமில் நாலு வீடியோ பார்த்து, லைட்டும் புகையும் பிடித்துப்போய், அன்றைக்கே பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். பாட்டு எப்படிப் போடுவார் என்பதை அவர்களே பார்க்கட்டும். ஆள் கொடுக்கல் வாங்கலில் எப்படி என்று விசாரிப்பது பெரியவர்களின் பொறுப்பு.

அந்தத் தொழில் நடக்கும் விதம் அப்படி. மேடையில் நிற்கும் டிஜேக்குச் சொந்தமாக இருப்பது பல நேரம் ஒரு லேப்டாப்பும் கன்சோலும்தான். ஸ்பீக்கர் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், லைட் எல்லாம் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாடகைக்கு எடுப்பவை. ஜெனரேட்டர் இன்னொருவருடையது. தூக்கிக் கட்டும் பையன்களுக்குச் சம்பளம், பேட்டா. நாம் ஒருவர் கையில் கொடுக்கும் பணம் நாலைந்து பேருக்குப் போய்ச் சேர வேண்டியது. நடுவில் எங்கே நின்றுபோனாலும் அது நம் மண்டபத்தில்தான் வந்து விடியும்.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். ரிசப்ஷன் அன்று மாலை ஆறு மணிக்கு மண்டப வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. மேலே கட்டிய தார்ப்பாயை யாரும் அவிழ்க்கவில்லை. "போன ரெண்டு ஃபங்ஷன் வாடகையே இன்னும் வரலைங்கய்யா. அது வராம பாக்ஸை இறக்க மாட்டேன்" என்று சவுண்ட் சர்வீஸ்காரர் வண்டியில் சாய்ந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு ஓடிவந்து, தம்பியிடம் வாங்கிய பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் முதல் பாக்ஸ் இறங்கியது. அந்த டிஜே ஏமாற்றுக்காரர் இல்லை. கைசுத்தம் இல்லாதவர் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனியில் வாங்கிய அட்வான்ஸ், கல்யாணமே இல்லாத ஆடி மாத வீட்டுச் செலவில் கரைந்துபோயிருந்தது. கடனைக் கடனால் அடைத்துக்கொண்டிருந்தவரிடம் அந்த அப்பா தெரியாமல் மாட்டிக்கொண்டார்.

அதனால் டிஜேயைப் பற்றி அவர் பாட்டுக்கு ஆடியவர்களைக் கேட்பதைவிட, அவரிடம் பணம் வாங்குகிறவர்களைக் கேளுங்கள். மண்டப மேனேஜருக்கு எல்லாம் தெரியும். "அவர் வந்தா பையன்களுக்குப் பேட்டா அன்னைக்கே கொடுத்துடுறாரா?" என்ற ஒரு கேள்வி போதும். செட் யாருடையது என்று டிஜேயிடமே கேட்டு, அந்த சவுண்ட் சர்வீஸுக்கும் ஒரு போன் போடுங்கள். தன்னிடம் வேலை செய்கிறவனுக்கு நேரத்துக்குக் கொடுக்கிற மனிதர் நம்மையும் தவிக்கவிட மாட்டார்.

முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டினால் சலுகை என்று சொன்னால் அந்தச் சலுகை வேண்டாம். கால்வாசிக்கு மேல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஜிபேயில் அனுப்பும்போது திரையில் வரும் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஜிஎஸ்டி போட்டுப் பில் கொடுத்தால் அந்த 15 இலக்க எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் தொழில் செய்பவருக்குப் பொதுவாக அந்தப் பதிவு கட்டாயமில்லை என்பதால், எண் இல்லாததை மட்டும் வைத்து ஆளைத் தள்ளிவிட வேண்டாம். தேதி, மண்டபம், எத்தனை மணி நேரம், ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பாட்டுக்கு லைசென்ஸ் என்று தனியாக ஒரு தொகை கேட்டால் நிதானமாக விசாரியுங்கள். கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்கு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது.

எல்லாம் மீறிப் பணம் போனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பணம் வரலாம். அந்த மாலை திரும்ப வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலில் கடன் சேர்வதற்குக் கல்யாண வீட்டுக்காரர்களும் ஒரு காரணம். உள்ளே மொய்ப் பணம் எண்ணிக்கொண்டிருப்பார்கள். வெளியே டிஜே வயர்களைச் சுருட்டிவைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குப் பாக்கிக்காகக் காத்து நிற்பார். "முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த "அப்புறம்" பல வீடுகளில் மாதக் கணக்காகும். அவருடைய பாக்கியை ஒரு கவரில் போட்டுப் பொறுப்பான ஒருவரிடம் மதியமே கொடுத்து வையுங்கள். பையன்களைக் கடைசிப் பந்தியிலாவது உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். வண்டி கிளம்பும் முன் கணக்கை முடித்து அனுப்புங்கள்.