இருமலோடு வேலைக்குப் போகிறவர்கள்

மெல்பேர்ணிலிருந்து,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் இருமல் இரவெல்லாம் கேட்கிறது. விடியற்காலையில் அவருடைய கார் புறப்படும் சத்தமும் கேட்கிறது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, 'கஷுவல்'. மணிக்கூலியோடு 25 சதவீதம் கூட்டிக் கொடுப்பார்கள். அதற்குப் பதிலாகச் சம்பளத்தோடு சுகவீன விடுப்பு கிடையாது. கூடுதலாக வரும் அந்தக் காசு வாடகையோடு போய்விடும். வரப்போகும் காய்ச்சலுக்கென்று யாரால் எடுத்துவைக்க முடியும்?

2020 ஜூலையை என்னால் மறக்க முடியவில்லை. இந்த விக்டோரியா மாநிலத்தின் அப்போதைய முதல்வர் டானியல் அன்ட்ரூஸ் 3,810 கொரோனா தொற்றாளர்களின் விபரத்தை வெளியிட்டார். பத்தில் ஒன்பது பேர், உடம்புக்கு முடியாமல் போன நாளிலிருந்து பரிசோதனைக்குப் போகும்வரை வீட்டில் தங்கவில்லை. பரிசோதனை முடிந்த பிறகும் பாதிக்கு மேற்பட்டோர் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. பொறுப்பில்லாத சனம் என்று நானும் அன்று கோபப்பட்டேன். அது தவறு. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை, அடுத்த ஷிஃப்டும் நிச்சயமில்லை என்பதே பலருடைய காரணம். அன்ட்ரூஸும் அதைத்தான் சொன்னார்.

சுகமில்லாதவர் வீட்டில் இருந்தால் நட்டம் முழுவதும் அவருக்கு. நன்மையோ அவர் முகமே அறியாத மற்றவர்களுக்கு. இந்தக் கணக்கை அறிவுரையால் நேராக்க முடியாது, காசுதான் வேண்டும். தொற்று உறுதியானவருக்கு 1,500 டொலர் என்பது முன்பே இருந்தது; முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு 450 டொலர் என்று அரசு பிறகுதான் கொடுத்தது. ஆனால் அதற்குள் ஒரே ஆள் இரண்டு மூன்று முதியோர் இல்லங்களில் வேலை செய்ய, கிருமியும் கூடவே போய்வந்தது. அந்த அலையில் இம்மாநில முதியோர் இல்லங்களில் 650 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊர் 112 நாள் அடைந்து கிடந்தது. அந்த அடைப்பில் இழந்ததோடு பார்த்தால் 450 டொலர் எம்மாத்திரம்!

2022 மார்ச்சில் மாநில அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. அக்காவைப் போன்ற தொழிலாளர்களுக்கு வருடத்துக்கு 38 மணிநேரம் வரை, குறைந்தபட்சக் கூலி வீதத்தில் சுகவீனக் கொடுப்பனவு. அவரும் ஒருமுறை அதை எடுத்து நான்கு நாள் படுத்திருந்தார். அது பரீட்சார்த்தத் திட்டம்தான்; 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது.

நேற்று மாலை கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோனேன். "நாளைக்குப் போகாதேங்கோ அக்கா" என்றேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வாடகை, தம்பி" என்றார்.