அடைக்கோழியும் ஒரு கிலோமீட்டர் வட்டமும்

2024 ஜூன் மாதத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. ஆலப்புழை மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது அந்த வீடு. வெள்ளைப் பாதுகாப்பு உடை அணிந்த நான்கு பேர் வாசலில் வந்து நின்றபோது டீச்சர் கணக்கைத் தயாராக வைத்திருந்தார். ‘‘ஒன்பது’’ என்றார். எட்டு முட்டைக் கோழிகள், ஒரு சேவல்.

பத்தாவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அது வீட்டின் பின்புறம், மழை மறைப்புக்குள், பயற்றங்கொடிப் பந்தலின் மூலையில் ஒரு கூடையில் 11 முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பதினெட்டாவது நாள். இன்னும் மூன்று நாளில் குஞ்சு பொரித்துவிடும்.

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிறகும் அவர் டீச்சர்தான். மகனும் மருமகளும் வளைகுடாவில். ஒன்பது வயதுப் பேத்தி இவரிடம். வீட்டைச் சுற்றி 12 சென்ட் நிலம், அத்தனையும் மணல். அந்தப் பகுதியில் அதற்குச் சொரிமணல் என்று பெயர். குடம் குடமாக ஊற்றினாலும் அடுத்த நிமிடமே குடித்துவிட்டு வறண்டு கிடக்கும்.

அந்த மணலில் காய்கறி விளையும் என்று முதலில் நிரூபித்தது அருகிலுள்ள கஞ்சிக்குழி ஊராட்சி. 1990களின் நடுவில் வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் என்று அங்கே தொடங்கிய இயக்கத்தைப் பின்னாளில் கேரளம் முழுவதும் உதாரணமாகக் காட்டியது. டீச்சர் கையாள்வதும் அதே வழிதான். ஹாலோ பிளாக் கற்களை ஒன்றரை அடி உயரத்துக்கு அடுக்கி மேட்டுப்பாத்தி. அடியில் தேங்காய் மட்டைகள். அவை பஞ்சு போல நீரைப் பிடித்துவைக்கும். மேலே மண், மக்கிய இலை, கோழி எரு. புளிப்பேறிய மண் என்பதால் நடவுக்கு முன் கொஞ்சம் சுண்ணாம்பு.

தோட்டத்தின் உயிர்நாடி அந்தக் கோழி எருதான். மாட்டுச் சாணத்தைவிட அதில் தழைச்சத்து பல மடங்கு அதிகம். ஆனால் பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும். சருகோடு கலந்து, மாதக்கணக்கில் மக்கவிட்டுத்தான் போட வேண்டும். கோழி முட்டை இடாத நாட்களிலும் அதற்குச் சாப்பாடு போடுவதில் நஷ்டமில்லை என்பது டீச்சரின் கணக்கு.

மழை மறைப்பு என்பது கேரளத்தின் பசுமைக்குடில். குளிர் நாடுகளில் செடிக்கு வெப்பம் தேவை என்பதால் நாலு பக்கமும் மூடுகிறார்கள். இங்கே அப்படி மூடினால் செடி வெந்துபோகும். இங்கே எதிரி குளிரல்ல, மழை. ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர்; அதில் மூன்றில் இரண்டு பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. திறந்தவெளியில் பூ உதிரும், வேர் அழுகும். எனவே இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பிளாஸ்டிக் விரிப்பு மட்டும். பக்கவாட்டில் பூச்சி நுழையாத வலை. அதற்குள் ஆடி மழையிலும் வெண்டைக்காய் கிடைக்கும்.

இத்தனை பாடு எதற்கு? கேரளத்தின் சமையலறைக்குக் காய்கறி கம்பத்திலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் லாரியில் வருகிறது. அதில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று 2015இல் கேரளம் குற்றம்சாட்டியதும், தமிழக விவசாயிகள் கொதித்தெழுந்து மறுத்ததும் பெரிய சர்ச்சையானது. அந்த ஆண்டில்தான் டீச்சர் முதல் பாத்தியைக் கட்டினார். ‘‘என் வீட்டுப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்’’ என்பார்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய கீரைப் பாத்தியைக் காப்பாற்றியது தமிழ்நாடு. மலையாளிகள் விரும்பும் செங்கீரையில் மழைக்காலத்தில் இலைப்புள்ளி நோய் தாக்கும். ஒரே வாரத்தில் பாத்தி முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பொத்தல். கோயம்புத்தூரில் உருவான ‘கோ 1’ என்ற பச்சைக் கீரை ரகத்துக்கு அந்த நோயை எதிர்க்கும் சக்தி உண்டு. இரண்டையும் கலந்து விதைத்தால் நோய் பரவும் வேகம் குறையும் என்பது கேரள வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் யோசனை. டீச்சர் அப்படித்தான் விதைக்கிறார்.

பறவைக் காய்ச்சல் அந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகள் செத்து மிதந்தன. 2016இலும் 2021இலும் மறுபடி வந்தது. வலசைப் பறவைகள் இறங்கும் நீர்ப்பரப்பு, பக்கத்திலேயே வயல் வயலாக மேயும் வாத்துக் கூட்டங்கள் - நோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனா ஊராட்சிகளில் வாத்துகளிடம் கண்டுபிடிக்கப்பட்ட நோய், ஜூனில் முகம்மாவில் செத்து விழுந்த காகங்களிடமும் இருந்தது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் உறுதிசெய்தால், நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் கொல்லப்படும். சீக்கு, ஆரோக்கியம் என்ற பேதம் இல்லை. டீச்சரின் வீடு வட்டத்துக்குள் 200 மீட்டர் உள்ளே இருந்தது.

முந்தைய நாள் மாலையே பக்கத்து வீட்டு மூதாட்டி வேலியருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: ‘‘டீச்சரே, என் இரண்டு கோழியைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். உங்கள் அடைக்கோழியை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். பாவம், முட்டையில் உயிர் வந்துவிட்டது.’’

அது நாட்டுக்கோழி. கிராமஸ்ரீ போன்ற மேம்பட்ட ரகங்கள் முட்டை நிறைய இடும். ஆனால் அடைகாக்கும் குணம் அவற்றிடம் குறைந்துபோய்விட்டது. அதனால் அவற்றின் முட்டையையும் இந்த ஒரு கோழிதான் பொரித்துக் கொடுத்துவந்தது. பேத்தி அதற்குச் சுந்தரி என்று பெயர் வைத்திருந்தாள். பள்ளி விட்டு வந்ததும் அவள் முதல் வேலை சுந்தரிக்குத் தண்ணீர் வைப்பது.

ஒன்பது பறவைகளும் சாக்கில் போயின. கழுத்தைத் திருகும் சத்தம் மழையில் கேட்கவில்லை. ‘‘வேறு ஏதாவது உண்டா டீச்சர்?’’ என்று குழுவின் தலைவர் கேட்டார். ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர். ‘‘இல்லை’’ என்றார் டீச்சர். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கேயும் ‘‘இல்லை’’ என்ற பதில்தான்.

டீச்சர் பின்பக்கம் வந்தபோது மழை மறைப்பின் வலைக்கதவு திறந்திருந்தது. விடுமுறை அறிவித்திருந்ததால் பேத்தி வீட்டில் இருந்தாள். கூடையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுந்தரியின் அலகைத் தன் கையாலேயே துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

25 ஆண்டுகள் வைரஸ் பாடம் நடத்தியவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்கு அபூர்வமாகத்தான் தொற்றுகிறது. ஆனால் தொற்றியதாக உலகில் பதிவானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. 2021 ஜூலையில் டெல்லி மருத்துவமனையில் இறந்த சிறுவன்தான் இந்தியாவில் இந்த நோய்க்குப் பலியானதாகப் பதிவான முதல் மனிதன். அந்தச் செய்தியை டீச்சர் படித்திருந்தார்.

குடையைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினார். ‘‘இன்னும் ஒன்று இருக்கிறது. நான் பொய் சொன்னேன்.’’

பழைய மாணவர் எதுவும் கேட்கவில்லை. கூடையோடு எடுத்துப் போனார்கள். 11 முட்டைகளும் போயின. பாதி மக்கியிருந்த எருக்குவியலும் போயிற்று. நோயின் கிருமி எருவிலும் உயிரோடு இருக்கும். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. டீச்சரே ஒளித்துவைத்தார் என்றால் மற்றவர்கள்? குழு எல்லா வீடுகளையும் மறுபடி பார்த்தது. பரண் மேலிருந்த இரண்டு கோழிகளும் அகப்பட்டன.

இழப்பீடு, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், சின்னதற்கு 100. முட்டைக்குச் சில ரூபாய். பத்துப் பறவைகளுக்கு 2,000 ரூபாய். அடைகாத்து 18 நாளான முட்டைக்கும் கடையில் வாங்கும் முட்டைக்கும் அரசாங்கத்தின் ஏட்டில் வித்தியாசம் இல்லை. பேத்தி நான்கு நாள் பேசவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டி எட்டு மாதம் பேசவில்லை.

அந்த ஆண்டு முடியும்வரை, நோய் பாதித்த பகுதிகளில் புதிய குஞ்சுகளைக் கொண்டுவரத் தடை. கோழி இல்லாமல் எரு இல்லை. எரு இல்லாமல் மணல் மறுபடி மணலாகத் தொடங்கியது. டீச்சர் வேப்பம்பிண்ணாக்கும் சாணமும் விலைக்கு வாங்கிப் பார்த்தார். பயறு மெலிந்தது. ஓணத்துக்கு முதல் தடவையாக, தமிழ்நாட்டு லாரியில் வந்த கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் கடையில் வாங்கினார். கழுவிச் சமைத்தார். ருசியில் குறை ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

2025இல் மறுபடி ஐந்து குஞ்சுகள் வந்தன. இப்போது அவை தோட்டத்தில் திரிவதில்லை. கூரையிட்ட கூண்டு, காகம் நுழையாத வலை, வாசலில் கிருமிநாசினி ஊற்றிய தொட்டி. பேத்தி அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. தீனி மட்டும் வைக்கிறாள்; பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள், சொல்லாமலே.

அதே ஆண்டு பிப்ரவரியில் ஒரு மாலை, வேலியின் அந்தப் பக்கத்திலிருந்து இருமல் சத்தம். பக்கத்து வீட்டு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார்.

‘‘டீச்சரே, போன மழையில் என் கீரை முழுக்கப் புள்ளி விழுந்துவிட்டது. உங்களிடம் அந்தக் கோயம்புத்தூர் விதை இருக்கிறதா?’’

‘‘இருக்கிறது சேச்சி.’’

டீச்சர் ஒரு தாளில் விதையை மடித்துக் கொடுத்தார். செங்கீரையோடு எப்படிக் கலந்து விதைப்பது என்று விவரமாகச் சொன்னார், வகுப்பில் சொல்வது போல. மூதாட்டி கேட்டுக்கொண்டார். கோழியைப் பற்றி இருவருமே பேசவில்லை.